வரிசையில் வராதவர்

பூசையில் நற்கருணை அப்பம் வாங்க வரிசை கிளம்பியதும் அவர் முழங்காலை ஒதுக்கி மனைவிக்கு வழிவிட்டார். எழுந்திருக்கவில்லை. போன வாரம், வெறும் வயிற்றோடு வாங்க வேண்டியதை மறந்து காலையில் ஏதோ சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். அதற்கு முந்தின வாரம் கால் மரத்துப்போனதாம். இந்த வாரம் காரணம்கூடச் சொல்லவில்லை.

மனதில் பாவத்தை வைத்துக்கொண்டு அந்த நன்மையை வாங்கக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியின் அக்காவுக்கு இன்னும் நன்றாகவே தெரியும்.

"என்னடி, உன் வீட்டுக்காரர் நன்மை வாங்க வரதே இல்ல?" என்றாள், வாசலில் செருப்பைத் தேடியபடி.

"உடம்பு சரியில்லக்கா."

"உடம்பு சரியில்லன்னாதான் முதல்ல ஓடி வரணும்." அக்கா அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் வீடுவரை கூடவே வந்தது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கோயில் மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பவர். எல்லோருக்கும் அவர் 'விசில் சார்'. குடிக்க மாட்டார். சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். மகளுக்குப் பரீட்சை என்றால் தானும் விழித்திருப்பார். மழைக்காலத்தில் அவருடைய டீமின் கோல்கீப்பர் பெண் காய்ச்சலில் இறந்துபோனபோது பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். இப்படிப்பட்டவரைச் சந்தேகப்பட ஒரு மனம் வேண்டும். அந்த மனம் தனக்கு இருக்கிறது என்பது அவளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

அவள் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். யார் எதை மறைக்கிறார்கள் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். சொந்த வீட்டில் மட்டும் இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டோமோ என்று தோன்றியது.

கண்ணைத் திறந்ததும் எல்லாம் தெரிய ஆரம்பித்தது. சனிக்கிழமை பயிற்சி முடிந்து மகள் வந்துவிடுகிறாள். அவர் பொழுது சாய்ந்துதான் வருகிறார். கேட்டால் "கோல் வலையைக் கட்டிட்டு வந்தேன்" என்கிறார். அப்படி என்னதான் கிழிகிறது அந்த வலை? கைபேசியை மேஜையில் கவிழ்த்து வைக்கிறார். இவள் அறைக்குள் வந்தால் பேச்சை மாற்றுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த வாசனை. வியர்வையும் கிரீஸும் மணக்க வேண்டிய மனிதரிடம் பூ வாசனை ஷாம்பு. அவர் தலையில் இருப்பதே காதோரம் கொஞ்சம் முடி. அதற்குப் போய் இவ்வளவு வாசனை எதற்கு?

தலையணை உறையை மாற்றும்போது மோந்து பார்த்தாள். மோந்து பார்த்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனாலும் இன்னொரு தடவை மோந்தாள்.

"அப்பா சனிக்கிழமை எங்க போறார்?" என்று மகளிடம் கேட்டாள்.

மகள் பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தாள். "தெரியாதும்மா."

"உனக்குத் தெரியும்."

"அவர்கிட்டயே கேளுங்க. என்ன ஏன் நடுவுல இழுக்கிறீங்க?"

ஆக, மகளும் கூட்டு. அன்றிரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏன், உப்பு ஜாஸ்தியா?" என்று அக்கறையாகக் கேட்டார். அந்த அக்கறையே அவளுக்கு வேஷமாகப் பட்டது.

அடுத்த சனிக்கிழமை கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு மைதானத்துக்கு எதிரே இருந்த பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். பயிற்சி முடிந்தது. பிள்ளைகள் கலைந்தார்கள். அவர் பந்துகளைச் சாக்குப் பையில் போட்டு அறையைப் பூட்டினார். வலைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகக் கடைத்தெருவுக்குள் நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். தெரிந்தவர்கள் யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்று யோசித்தபடியே போனாள்.

செருப்புக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன அழகு நிலையம். அதற்குள் நுழைந்தார்.

அவள் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். உள்ளே ஒரு நாற்காலியில் அவர் சாய்ந்திருந்தார். தலை கழுவும் தொட்டியில் கழுத்து, கண்கள் மூடியிருந்தன. ஒரு பெண்ணின் விரல்கள் அவர் தலையில் நுரையோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. அவர் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். வீட்டில் அவர் அவ்வளவு பேசி அவள் பார்த்ததில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். இறந்துபோன கோல்கீப்பர் பெண்ணின் அம்மா.

"வாங்க," என்றாள் அந்த அம்மா, பதற்றமில்லாமல். "உக்காருங்க. நுரைய மட்டும் அலசிடுறேன், கண்ணுல எறங்கிடும்."

அவர் கண்ணைத் திறந்தார். எழ முடியாமல் தொட்டியில் தலையோடு அப்படியே கிடந்தார். "நீ நினைக்கிற மாதிரி இல்ல."

"நான் என்ன நினைக்கிறேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

துண்டால் அவர் தலையைத் துவட்டிவிட்டு, அந்த அம்மா ஷட்டரைப் பாதி இறக்கினாள். "நான் வெளிய நிக்கிறேன். நீங்களே சொல்லிடுங்க சார். எத்தனை தடவை சொன்னேன், வீட்டுல சொல்லுங்கன்னு."

அவர் ஈரத்தலையோடு சொன்னார். ஆஸ்பத்திரியில் அந்தக் கோல்கீப்பர் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பிழைத்துக்கொள்வேனா சார் என்று கேட்டிருக்கிறாள்.

"நாங்க எல்லாரும் ஜெபம் பண்றோம், அடுத்த மேட்ச்ல நீதான் கோல்ல நிக்கிறன்னு சொன்னேன். சிரிச்சா. அத நம்பிட்டா. நானும் நம்புனேன். மொத்த டீமும் முட்டி போட்டுச்சு." கையில் இருந்த துண்டை மடித்தார். "அதுக்கப்புறம் ஜெபம் பண்ணா வாய்தான் அசையுது. அந்தப் பக்கம் யாருமே எடுக்காத போன்ல பேசுற மாதிரி இருக்கு."

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. "அதனாலதான் நன்மை வாங்கறதில்லையா?"

"நம்பிக்கை இல்லாம கைய நீட்டுனா பொய்தானே."

"அப்ப பூசைக்கு எதுக்கு வரீங்க?"

"நீங்கள்லாம் வரீங்களே."

வேறொருத்தி என்றால் சண்டை போடலாம், அழலாம், அக்காவைக் கூட்டிக்கொண்டு வரலாம். இதற்கு யாரைப் போய்ப் பிடிப்பது? அவளுக்குக் கோபம் வேறு இடத்தில் வந்து நின்றது.

"இத என்கிட்ட சொல்ல முடியல. அந்தம்மாகிட்ட சொல்ல முடிஞ்சிருக்கு."

"உன்கிட்ட சொன்னா நீ அழுதிருப்ப," என்றார். "அவங்க அழுது முடிச்சிட்டாங்க. மொதல்ல மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். தலைல ஒரே தூசியா இருக்கே, உக்காருங்க சார்னாங்க. அவங்க பொண்ணுக்கு அப்படித்தான் கழுவி விடுவாங்களாம். இங்க யாரும் என்னை விசில் சார்னு பாக்கறதில்ல."

இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். பாதி வழியில் அவள் சொன்னாள்: "போறதுன்னா போங்க. ஆனா தலைய வீட்டுலயே கழுவிக்கங்க."

"சரி," என்றார் அவர்.

அக்கா விடவில்லை, திரும்பவும் கேட்டாள். வயிற்றில் புண், காலையில் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று தங்கை கூசாமல் சொன்னாள். மாத்திரைப் பேரையும் சேர்த்துச் சொன்னாள். அக்கா அவளையே உற்றுப் பார்த்தாள். இனிமேல் சந்தேகம் தன்மேல்தான் என்பது அவளுக்குப் புரிந்தது.

டீமிடம் அவரே சொல்லிவிட்டார். ஆட்டத்துக்கு முன் ஜெபத்தை இனிமேல் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், நான் கூட நிற்கிறேன் என்றாராம். பிள்ளைகள் ஏன் என்று கேட்கவில்லை. பெற்றோர்கள்தான் கேட்டார்கள். ஃபாதர் கூப்பிட்டுப் பேசினார். வெகுநேரம் பேசிவிட்டு, பயிற்சியை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபம் மகளிடம் வந்தது. அவள் வேகமாகச் சொல்லுவாள், பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி. ஒருநாள் அதன் நடுவே அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து எதிரே பார்த்தாள். அவர் கைகளைக் கூப்பியபடி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிடிபட்டது யார் என்று தெரியாமல் இரண்டு பேரும் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்கள்.