சிவப்புக் கோட்டுக்கு முன்

அந்த வீட்டில் எது தீர்ந்தாலும் மூத்தவள் வாயைத் திறக்க மாட்டாள். சர்க்கரை அடிமட்டத்துக்கு வந்துவிட்டால் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி இரண்டு நாள் ஓட்டுவாள். எண்ணெய் குறைந்தால் புட்டியைத் தலைகீழாக நிறுத்தி வைத்து ஒரு தாளிப்புக்குத் தேற்றிவிடுவாள். "பெரியவ கையில இல்லைங்கற சொல்லே கிடையாது" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். அந்தப் பெயரைக் காப்பாற்ற அவள் தன் தட்டில் குறைத்துக்கொண்ட வேளைகள் எத்தனையோ. அது மாமியாருக்குத் தெரியாது. ஓரகத்தியான இளையவளுக்குத் தெரியும். ஆனால் அவளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அப்படிப்பட்டவளின் முதுகில் ஒரு காற்று சிலிண்டரைக் கட்டிவிட்டு, "குறையக் குறைய எங்கிட்ட சொல்லிக்கிட்டே இருக்கணும்" என்றால் அவள் என்ன செய்வாள்?

குடும்பத்துக்கு ஒரு படகு இருந்தது. மூத்தவளின் கணவர் படகை ஓட்டுவார். கொழுந்தன், அதாவது இளையவளின் கணவன், இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வான். சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் பவளப்பாறைப் பக்கம் கூட்டிப்போய், கடலுக்கடியில் இறக்கிக் காட்டிவிட்டுத் திரும்புவதுதான் பிழைப்பு. ஆண்கள் முக்குளிப்பு உடையை மாட்டிக்கொண்டு பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு இறங்கிவிடுவார்கள். கூட வந்த பெண்கள் துண்டுக்கும் செருப்புக்கும் காவலாகப் படகிலேயே உட்கார்ந்திருப்பார்கள். துணைக்கு ஒரு பெண் இருந்தால் நாங்களும் இறங்குவோம் என்று பலர் வாய்விட்டே சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் எல்லோர் பார்வையும் இளையவள் மேல் போனது. அவள் தண்ணீரில் பிறந்தவள் மாதிரி நீந்துவாள். மீன்குஞ்சு என்றுதான் அவளுக்குப் பெயர். மூத்தவளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அவளுக்குத்தான் டிக்கெட் கூண்டு இருக்கிறதே. படகுத்துறையின் முகப்பில், மூன்று பக்கமும் தகரம், முன்பக்கம் கை நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். காலையில் உள்ளே போனால் மாலைவரை அவள் பார்ப்பதெல்லாம் கைகள்தான். மோதிரம் போட்ட கை, மணல் ஒட்டிய கை, குழந்தையின் கையைப் பிடித்த கை. அவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு வரும் கடலை அவள் பார்த்ததில்லை. கூண்டு கடலுக்கு முதுகைக் காட்டி நின்றது.

"நானும் கத்துக்கறேன்" என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னாள்.

கணவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "தலைக்கு ஊத்தினாலே கண்ணை இறுக்கி மூடிக்கிறவ நீ."

"கண்ணை மூடினா என்ன, காது திறந்துதானே இருக்கு. சொல்லித் தர்றதைக் கேட்டுக்கறேன்."

இளையவள் குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ஜோடி இல்லாம அங்க யாரையும் தண்ணிக்குள்ள விட மாட்டாங்களாம். அக்காவே வரட்டும். அடுப்படியில இடிச்சிக்கிறது போதாதுன்னா அங்கயும் இடிச்சிக்கலாம்."

சொல்லிக்கொடுக்க வந்தவளுக்கு மூத்தவளை விடப் பத்து வயது குறைவு. கிராப்பு வெட்டிய தலை, வெயிலில் உரிந்த மூக்கு. இருந்தாலும் மூத்தவள் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டாள். டீச்சர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள். இது முதல் வகுப்பு. இதில் தேறினால்தான் அடுத்த வகுப்பு, அதையும் முடித்தால்தான் வாடிக்கையாளரோடு இறங்கலாம். சீசன் தொடங்குவதற்குள் இந்த வகுப்பைத் தாண்டாதவருக்காகக் காத்திருக்க முடியாது. வெளியிலிருந்து ஒரு பெண் ஏற்கெனவே இந்த வேலையைக் கேட்டிருக்கிறாள். மூத்தவளுக்கு அது புரிந்தது. தேறினால் கடல், தேறாவிட்டால் தகரம்.

பாடம் நீச்சல் குளத்தில் தொடங்கியது.

"எதை வேணா மறங்க, மூச்சை மட்டும் அடக்காதீங்க" என்றாள் டீச்சர். "வாய்க்குழாய் வழியா இழுங்க, விடுங்க, இழுங்க, விடுங்க. உள்ள மூச்சை வச்சிக்கிட்டு மேல வந்தீங்கன்னா, ஏற ஏற அந்தக் காத்து விரியும். நுரையீரல் பலூன் மாதிரி ஆயிடும்."

"இவங்களுக்கு அதுதான் கஷ்டம் டீச்சர்" என்றாள் இளையவள். "வீட்ல அத்தை பேச ஆரம்பிக்கும்போது இவங்க மூச்சை அடக்கினா, அவங்க முடிக்கும்போதுதான் விடுவாங்க."

"நீ மட்டும் என்னவாம். கொல்லைப்பக்கம் ஓடிடுவ."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மீட்டரைக் காட்டினாள். சிலிண்டரிலிருந்து வரும் குழாயின் நுனியில் கைக்கடிகாரத்தை விடச் சற்றுப் பெரிதாக ஒரு வட்டம். முழுச் சிலிண்டருக்கு முள் இருநூறில் நிற்கும். காற்று குறையக் குறைய இறங்கும். ஐம்பதுக்குக் கீழே சிவப்பு.

"நூறு வந்ததும் எனக்குக் காட்டணும். அப்பவே திரும்பிடுவோம். அம்பதுக்கு முன்னாடி மேல இருக்கணும். கடைசி அம்பது உங்களோடது இல்லை."

"என் முதுகுல இருக்கறது வேற யாரோடது?" என்று கேட்டாள் மூத்தவள்.

"உங்க ஜோடியோடது. அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க குடுக்கறதுக்கு. அவங்க சிலிண்டர்ல இருக்கிற கடைசி அம்பது உங்களோடது."

குளத்தின் அடியில் மண்டியிட்டு உட்கார்ந்தபோது மூத்தவளுக்குப் பயத்தில் மூச்சு இரைத்தது. தலைக்கு மேலே அவளுடைய குமிழிகள் கொத்துக் கொத்தாக ஓடின. எதிரே இளையவளிடமிருந்து எப்போதாவது ஒரு சரம் மெல்ல மேலே போயிற்று. டீச்சர் உள்ளங்கையில் இரண்டு விரலைத் தட்டிக் காட்டினாள். எவ்வளவு காற்று இருக்கிறது என்று அர்த்தம். இளையவள் விரல்களால் நூற்றைம்பது காட்டினாள். மூத்தவளின் முள் எழுபதில் நின்றது. அவள் கை, அவளைக் கேட்காமலே, நூற்றிருபது என்று காட்டியது.

மேலே வந்ததும் யாரும் மீட்டரைச் சரிபார்க்கவில்லை. குளம்தானே, எழுந்து நின்றால் தலை வெளியே. மூத்தவள் மீட்டரைத் துண்டுக்குள் சுருட்டி வைத்தாள்.

வார இறுதியில் கடலுக்குப் போனார்கள். கணவர் படகை ஓட்டி, பாறைக்குச் சற்றுத் தள்ளி மணல்மேல் நங்கூரம் போட்டார். இறங்குவதற்கு முன் ஜோடிகள் ஒருவரை ஒருவர் சோதித்துக்கொள்ள வேண்டும். இளையவள் மூத்தவளின் வாரை இழுத்து இறுக்கினாள், சிலிண்டர் திறந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள், தன் மார்பின் ஓரத்தில் மாட்டியிருந்த மஞ்சள் குழாயைத் தொட்டுக் காட்டினாள். ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் மற்றவர் தர வேண்டிய இரண்டாவது வாய்க்குழாய் அது.

"மறந்துடாதீங்கக்கா, மஞ்சள்."

"என் கல்யாணத்துக்கே நான் இவ்வளவு கட்டு கட்டிக்கலை."

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் டீச்சர். "போதும்னு யாருக்குத் தோணினாலும் கட்டைவிரலை மேல காட்டுங்க. மூணு பேரும் மேல வந்துடுவோம். ஏன்னு யாரும் கேட்கக்கூடாது. படகுல வந்தும் கேட்கக்கூடாது."

நங்கூரக் கயிற்றைப் பிடித்து மெல்ல இறங்கினார்கள். காது அடைப்பதற்கு முன்பே மூக்கைப் பிடித்து ஊதி ஊதிக் காதைத் திறந்துகொண்டாள் மூத்தவள். அடியில் மணல் வந்தது. பிறகு பாறை வந்தது. அவள் கண்களை மூடவில்லை. மூட முடியவில்லை. உள்ளங்கை அகல மீன்கள் அவள் முகத்துக்கு நேரே நின்று, யார் வீட்டுக்கு வந்திருக்கிறாய் என்பதுபோல் பார்த்துவிட்டுத் திரும்பின. பாறையின் ஒவ்வொரு மடிப்பிலும் ஏதோ ஒன்று சுருங்கியது, விரிந்தது. இத்தனை நாள் துவாரத்தின் வழியே கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது இதற்குப் பக்கத்திலா என்று நினைத்தபோது அவளுக்கு மூச்சு வேகமாயிற்று.

முள் நூறுக்கு வந்தபோது இளையவளின் மீட்டரை ஓரக்கண்ணால் பார்த்தாள். நூற்று நாற்பது. டீச்சர் விரலைத் தட்டிக் கேட்டாள். மூத்தவள் நூற்று முப்பது காட்டினாள். டீச்சர் தலையை ஆட்டிவிட்டு முன்னால் போனாள்.

ஓட்டிவிடலாம் என்று மூத்தவள் நினைத்தாள். எத்தனை மாதக் கடைசியை ஓட்டியிருக்கிறோம், இந்தக் காற்றை ஓட்ட முடியாதா? சிக்கனமாகச் செலவழித்தால் போதும். ஒரு மூச்சை இழுத்து அப்படியே வைத்துக்கொண்டாள். எண்ணிக்கொண்டே இருந்தாள். மெல்ல விட்டாள். மறுபடியும் இழுத்து வைத்துக்கொண்டாள். நெஞ்சு முட்டியது. நெற்றிப்பொட்டில் யாரோ தட்டுவதுபோல் வலித்தது. முள் அப்படியும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. எண்பது. அறுபது. அடக்கி வைத்த பிறகு இழுக்கும் மூச்சு, பசியோடு உட்கார்ந்தவன் கவளம்போல் முன்பைவிடப் பெரிதாக இருந்தது.

முன்னால் ஓர் ஆமை வந்தது. இளையவள் இரண்டு கைகளாலும் அதைக் காட்டினாள். மூத்தவள் பார்க்க வேண்டும் என்று, மாமியார் வீட்டில் அவள் ஒருநாளும் காட்டாத குழந்தை முகத்தோடு திரும்பினாள். முள் சிவப்பைத் தொட்டிருந்தது. மூத்தவள் மறுபடியும் நெஞ்சு நிறைய இழுத்து அடக்கினாள்.

அப்போது ஆமை கீழே போவதுபோல் தெரிந்தது. பாறையும் கீழே போயிற்று. இளையவளும் போனாள். அவர்கள் யாரும் போகவில்லை, தான்தான் மேலே போகிறோம் என்று அவளுக்கு உறைத்தது. உள்ளே அடைத்து வைத்த காற்று அவளைப் பலூனைப்போல் தூக்கிக்கொண்டிருந்தது.

வாயைத் தளர்த்தி மூச்சை விட்டாள். முழுவதும் விட்டாள். குமிழிகள் சலசலவென்று காதைக் கடந்து ஓடின. உடம்பு நின்றது, பிறகு மெல்ல இறங்கியது.

கீழே இளையவள் ஆமையை விட்டுவிட்டு அண்ணாந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீட்டரில் நாற்பது. இது என்னுடையது இல்லையே என்று மூத்தவளுக்குத் தோன்றியது. இந்த நாற்பதும், இதற்கு முன் தின்ற பத்தும் அவளுடையவை. இப்போது அவளுடைய குழாயில் ஏதாவது கோளாறு வந்தால் நான் எதை எடுத்துக் கொடுப்பேன்? தன் பங்கைக் குறைத்துக்கொள்வதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். கை வைத்திருப்பது பிறத்தியார் பங்கில்.

முஷ்டியை மடக்கி நெஞ்சில் வைத்தாள். காற்று குறைந்துவிட்டது என்ற சைகை. பிறகு மீட்டரைத் திருப்பி இளையவளின் முகத்துக்கு நேரே பிடித்தாள். விரல் கணக்கு எதுவும் காட்டவில்லை.

இளையவளின் கண்கள் கண்ணாடிக்குள் பெரிதாயின. அவள் மஞ்சள் குழாயை எடுத்து நீட்டினாள். மூத்தவள் தன்னுடையதை எடுத்துவிட்டு அதை வாயில் வைத்து, முதலில் ஊதித் தண்ணீரை வெளியேற்றி, பிறகு இழுத்தாள். காற்று வந்தது. டீச்சர் பக்கத்தில் வந்து கட்டைவிரலை மேலே காட்டினாள்.

ஒருவர் வாரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். தங்கள் குமிழிகளை முந்தாமல், அவ்வளவு மெதுவாக. மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே கயிற்றைப் பிடித்து மூன்று நிமிடம் நிற்க வேண்டும். உடம்பில் ஊறிய வாயு மெல்ல வெளியேறுவதற்காக அந்த நிற்றல். இருவருக்கும் இடையே ஒரு குழாய் நீளம்தான். ஒரே கூரையின் கீழ் இத்தனை வருடம் இருந்தும், அவர்கள் இவ்வளவு நேரம் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்த்ததில்லை. இங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போக முடியாது. இளையவள் மெதுவாகக் கையை மேலே கீழே அசைத்தாள். இழுங்க, விடுங்க. மூத்தவள் அந்தக் கைக்குத் தகுந்தபடி மூச்சுவிட்டாள்.

படகில் ஏறியதும் கணவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். "ஏன்னு கேட்கக்கூடாது" என்றாள் இளையவள், டீச்சர் குரலிலேயே. அவர் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார்.

மூத்தவள்தான் தானாகச் சொன்னாள். "நூறு வந்தப்பவே தெரியும் டீச்சர். குளத்துலயும் தப்பாத்தான் காட்டினேன். மூச்சையும் அடக்கினேன்."

டீச்சர் உப்பு படிந்த கண்ணாடியைத் துடைத்தாள். "உங்களைக் கேட்டதோட விட்டேன். மீட்டரை நானே பார்த்திருக்கணும். இனிமே பார்ப்பேன். இன்னிக்கு உங்க ரெண்டு பேருக்கும் கணக்குல சேராது. நாளைக்கு மறுபடி இறங்கணும்."

"அவ என்ன பண்ணினா? அவளுக்கும் ஏன் இந்த நாள் வீணாப் போகணும்?"

"ஜோடின்னா அப்படித்தான்."

மூத்தவள் இளையவளைப் பார்க்க முடியாமல் காலைப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள் இளையவள், தலைமுடியைப் பிழிந்துகொண்டே. "அந்த ஆமையை நான் இன்னும் சரியாப் பார்க்கலை."

"உங்களுக்குக் காத்து அதிகமாச் செலவாகுது, அவ்வளவுதான்" என்றாள் டீச்சர். "புதுசா வர்ற பாதிப் பேருக்கு அப்படித்தான். பயம் குறைஞ்சா தானா சரியாகும். அதுவரைக்கும் பெரிய சிலிண்டர் இருக்கு. நீங்க எவ்வளவு சுவாசிக்கிறீங்கன்னு தெரிஞ்சாத்தானே நான் எதைக் கட்டி விடறதுன்னு முடிவு பண்ண முடியும்?"

"பெரிய சிலிண்டர்னு ஒண்ணு இருக்கா?" மூத்தவள் நிமிர்ந்தாள். "கேட்டா குடுப்பீங்களா?"

"கேட்டாத்தான் குடுப்பேன்."

மறுநாள் பெரிய சிலிண்டரோடு இறங்கினாள். அது கனத்தது. தண்ணீருக்குள் போனதும் கனம் போய்விட்டது. டீச்சர் ஒவ்வொரு முறை கேட்டபோதும் மூத்தவள் மீட்டரையே தூக்கிக் காட்டினாள். மூச்சை அதன் போக்கில் விட்டாள். அடக்காமல் விட்ட மூச்சு, அடக்கி மிச்சம் பிடித்ததை விட அதிக நேரம் வந்தது. அவளுக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

முள் நூறைத் தொட்டது. அப்போது இளையவள் ஒரு பாறை இடுக்கில் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். ஆமை இன்னும் வரவில்லை. மூத்தவள் ஒரு கணம் தயங்கினாள். பிறகு அவள் தோளைத் தட்டி, மீட்டரைக் காட்டி, திரும்பலாம் என்று கையைச் சுழற்றினாள். இளையவள் இடுக்கைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், சரி என்று விரலை வளைத்துக் காட்டினாள்.

கயிற்றடியில் டீச்சர் கையை நீட்டினாள். எதற்கு என்று மூத்தவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் மீட்டரைத்தான் கேட்கிறாளோ என்று அதைத் தூக்கிக் கொடுத்தாள். டீச்சர் மீட்டரை ஒதுக்கிவிட்டு, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு இளையவளின் கையையும்.

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் கன்னம் மடிந்து கண்ணாடிக்குள் தண்ணீர் புகும் என்பது அவளுக்குத் தெரியாது. மூக்குவரை உப்புத்தண்ணீர் ஏறியது. பதறவில்லை. குளத்தில் கற்றபடி வாயால் இழுத்து, கண்ணாடியின் மேல்விளிம்பை அழுத்திப் பிடித்து, முகத்தை உயர்த்தி, மூக்கால் நீளமாக ஊதினாள். தண்ணீர் வடிந்துபோயிற்று. எதிரே இளையவளும் கண்ணாடிக்குள் தண்ணீரோடு குலுங்கிக்கொண்டிருந்தாள்.