ஃபோல்டரை விடாதது யார்?

படத்தை வாங்க வந்தவர்கள் கீழே முதலாளியோடு காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மேலே தம்பிக்கு உயிர் போய் உயிர் வந்துகொண்டிருந்தது.

“அக்கா, கடைசிக் காட்சியைக் காணோம்!”

அந்தக் கார்ட்டூன் பட நிறுவனத்தின் சர்வர் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அக்காதான் பொறுப்பு. தம்பி அங்கேயே எடிட்டர். முதலாளி ஒட்டவைத்த சப்பென்ற முடிவு பிடிக்காமல், அவனே ஒரு முடிவை வெட்டி ஒட்டிச் செய்திருந்தான். “நல்லா இருந்தா போடலாம்” என்று முதலாளியும் தலையாட்டியிருந்தார். இன்று அது திரைக்கு வராவிட்டால் சப்பென்றதுதான் ஓடும்.

“எங்கடா சேவ் பண்ணின?”

“காலையில, பொது ஃபோல்டர்லதான். காலியா இருந்துச்சு. நீ பெருக்கித் துடைச்சு வச்சிருக்கேன்னு நினைச்சேன்.”

“உன் கம்ப்யூட்டர்ல இருக்குமே?”

“இடமில்லன்னு அழிச்சிட்டேன்.”

“அடப்பாவி!” என்று தலையில் அடித்துக்கொள்ளப் போனவள் கையைப் பாதியில் நிறுத்தினாள். காலியாகவா இருந்தது?

அந்த ஃபோல்டர் வெறும் வாசல். பக்கத்து அறையில் இருக்கும் பெரிய ஸ்டோரேஜ் பெட்டியை சர்வரோடு இணைத்தால்தான் எல்லாருடைய வேலையும் அதற்குள் தெரியும். காலையில் சர்வரை அணைத்து மறுபடி போட்டவள், ஸ்டோரேஜ் இணைந்ததா என்று பார்க்காமல் போய்விட்டாள். தம்பி காட்சியைப் போட்டது சர்வரின் சொந்த வயிற்றுக்குள். பிறகு இவள் வந்து, ‘அய்யோ மறந்துட்டேனே’ என்று ஸ்டோரேஜை இணைத்திருக்கிறாள். பாய்க்கு மேல் பாய் விரித்த கதை. அடியில் இருப்பது எப்படித் தெரியும்?

“டேய், தொலையலடா! அடியில இருக்கு! நான்தான்டா மூடி வச்சிருக்கேன்!”

ஸ்டோரேஜைக் கழற்றும் கட்டளையைத் தட்டினாள். ‘முடியாது, யாரோ உள்ளே இருக்கிறார்கள்’ என்றது சர்வர். வலுக்கட்டாயமாகப் பிடுங்கலாம்தான். அப்படிப் பிடுங்கினால் யாருடைய கோப்பு பாதியில் அறுபடுமோ!

“எல்லாரும் ஃபோல்டரை மூடுங்க!” என்று கத்திக்கொண்டே நடைபாதையில் ஓடினாள்.

“நான் எப்பவோ மூடிட்டேன்மா” என்றார் ஒலிக்காரர், ஹெட்போனைக்கூடக் கழற்றாமல்.

“என்னைப் பார்க்காத, நானும் வெளிய வந்துட்டேன்” என்றாள் வண்ணம் பூசுகிறவள்.

மறுபடி தட்டினாள். முடியாது! கீழே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. முதலாளி மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: “என்னம்மா, தயாரா?”

“ஆயிட்டே இருக்கு சார்!”

தம்பி நகத்தைக் கடித்து முடித்து விரலுக்கு வந்திருந்தான். அவள் சர்வரிடமே கேட்டாள்: உள்ளே இருப்பது யார்? பதில் ஒரே வரியில் வந்தது. அதைப் படித்ததும் அவளுக்கு முகம் காது வரை சிவந்துவிட்டது.

“யாருக்கா அது? சொல்லு, நான் போய் ரெண்டு போடுறேன்!”

“போடு. நான்தான்.”

ஸ்டோரேஜை இணைத்த கையோடு சரிபார்க்க அந்த ஃபோல்டருக்குள் போனவள், வெளியே வராமலே கம்ப்யூட்டரில் இன்னொரு ஜன்னலைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடியது வேறு யாருமில்லை, இந்த அம்மணிதான்.

வெளியே வந்தாள். கழற்றினாள். சர்வர் மறுபேச்சில்லாமல் விட்டது. ஃபோல்டரில் ஒற்றைக் கோப்பு உட்கார்ந்திருந்தது. தம்பி போட்ட கூச்சலில் ஒலிக்காரருக்கே காது அடைத்தது. அவள் அதைப் பத்திரமாக எடுத்துவைத்து, ஸ்டோரேஜை இணைத்து, இந்தத் தடவை இணைந்ததா என்று கண்ணால் பார்த்துவிட்டு, காட்சியை உரிய இடத்தில் போட்டாள். தம்பி அதைப் படத்தோடு சேர்த்துக் கீழே அனுப்பியபோது திரையறையில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

இருவரும் பின்சுவரை ஒட்டி நின்றார்கள். படம் முடிந்தது. தம்பியின் கை அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தது. வலித்தது, அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

படம் வாங்க வந்தவர்களில் முன்வரிசையில் இருந்த அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள்.

“அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் இன்னொரு தடவை போடுங்களேன்.”