கொடி நட்ட வீடு

நியூஃபவுண்ட்லாந்தின் டார்பி துறையில் கடல்நாய் வேட்டைக்காரன் அசரையா பெல்லியின் மனைவி கெசையா, ஒரு மார்ச் மாதம் கடல்நாய்க்குட்டி ஒன்றைப் பெற்றாள். உடம்பெல்லாம் வெள்ளை ரோமம். கண் மட்டும் அப்பனுடையது. மருத்துவச்சி செலினா குழந்தையைத் துடைத்து, "பொண்ணு. நல்ல கனம். அப்பன் வருஷா வருஷம் அடிச்சதுக்கு ஒண்ணாச்சும் திரும்பி வர வேணாமா?" என்று சொல்லிவிட்டுத் தேநீர் கேட்டாள். பாதிரியார் குழந்தைக்கு டோர்கஸ் என்று பெயரிட்டு ஞானஸ்நானம் கொடுத்தார். ரோமத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குச் சம்பளமே கடல்நாய் எண்ணெயாகத்தான் வந்தது.

குழந்தை தாய்ப்பாலைத் துப்பியது. அதன் அழுகையைக் கேட்டு, உறைந்த கடலிலிருந்து ஒரு தாய்க் கடல்நாய் கரையேறி வந்தது. கதவைத் தலையால் முட்டித் திறந்து, அடுப்படியில் ஒருக்களித்துப் படுத்து, வெண்ணெய் மாதிரிக் கெட்டியான பாலைக் கொடுத்துவிட்டுப் போனது. அதன் சொந்தக் குட்டி என்ன ஆனதென்று அசரையாவுக்குத் தெரியாமலா இருக்கும்? அது வரும்போதெல்லாம் அவன் விறகு பார்க்க எழுந்து போய்விடுவான். டோர்கஸ் பூசணிக்காயாக உருண்டாள். கெசையா அந்தக் கடல்நாயை 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

பெற்ற மனம் பித்து. அக்கா ஒருநாள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்ற பயம் அசரையாவைத் தின்றது. வேட்டைக்காரனுக்குத் தெரிந்த பூட்டு ஒன்றுதான். உரித்த தோல்களைப் பனியில் குவித்து அதன்மேல் கப்பல் கொடியைக் குத்திவிட்டால், வேறு எந்தக் கப்பல்காரனும் அதைத் தொடமாட்டான். அப்படி ஒரு கொடியைக் கொண்டுவந்து வாசலில் நட்டான். மறுநாள் அக்கா வாசல்வரை வந்தாள், கொடியைப் பார்த்தாள். அந்தக் கொடிக்குக் கீழே என்ன கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

அசரையா கொடியை ஒடித்துப் போட்டுவிட்டு, கரையில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டான். அவள் வரவில்லை.

"ஏன்யா, நட்டப்போ உனக்குத் தோணவே இல்லையா?" என்று கேட்டாள் கெசையா.

"எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான்டீ."

டோர்கஸ் பட்டினியில் இளைத்தாள். வெள்ளை ரோமம் உதிர்ந்து சாம்பல் நிறமானாள். ஒரு காலையில், பெற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தவழ்ந்து போய்க் கடல்பனியின் விரிசல் வழியாகத் தண்ணீரில் இறங்கிவிட்டாள். பாஸ்டனுக்கு வேலைக்குப் போன பெண்ணை விசாரிப்பதுபோல ஊரார் அவளை விசாரித்தார்கள்.

அடுத்த மார்ச்சில் அசரையா மறுபடியும் வேட்டைக் கப்பலில் ஏறினான். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஆட்கள் தடியைத் தூக்குமுன் அவன் ஒருமுறை மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம் என்று கேப்டன் அனுமதித்தார். எல்லோரும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். ஒரு தலையும் திரும்பாது. வேலை ஆரம்பமாகும். இப்படியே அவனுக்குத் தலை நரைத்தது. ஒரு வருடம், குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"தாத்தா ஆயிட்டீங்களேண்ணே" என்று ஆட்கள் அவன் கையைக் குலுக்கினார்கள். பிறகு தாயையும் குட்டியையும் தொடாமல் சுற்றிக்கொண்டு அடுத்த குட்டிகளிடம் போனார்கள்.

சாயங்காலம் தெற்கே இன்னொரு கப்பலின் புகை தெரிந்தது. அதில் வருகிறவர்கள் வேறு ஊர்க்காரர்கள். அவர்களுக்கு டோர்கஸைத் தெரியாது. அசரையா பேரக்குட்டிக்குப் பக்கத்தில் பனிமேல் உட்கார்ந்துகொண்டான்.

"ஏறுய்யா, கப்பல் கிளம்புது" என்றார் கேப்டன் மேலிருந்து.

"குட்டி நீந்தக் கத்துக்கட்டும். அப்புறம் வரேன்."

கேப்டன் கொஞ்ச நேரம் அந்தப் புகையைப் பார்த்தார். ரொட்டியும் ஒரு கேத்தல் தேநீரும் கீழே இறக்கச் சொல்லிவிட்டுக் கப்பலைத் திருப்பினார்.