ஞானகுமாரிக்கு இரண்டு கையும் வேண்டும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு பையை மட்டும்தான்.

தொண்ணூறாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரக்கோணத்திலிருந்து வரும் லோக்கலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். திருநின்றவூரில் வண்டி நின்றது. எதிர் பிளாட்பாரத்தில் ஒரு பெண் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போனாள். முதுகில் பச்சைக் கித்தான் பை. பையில் இரண்டு ஓட்டை. ஓட்டைக்கு ஒன்றாக இரண்டு குட்டிக் கால்கள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. தொங்கிக்கொண்டா? ஆடிக்கொண்டிருந்தன! அவள் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்தாள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி இரண்டு கையையும் வீசி நடந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

வண்டி கிளம்பிவிட்டது. அவள் மலைக்குப் போனாளா, மாமியார் வீட்டுக்குப் போனாளா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பை மண்டைக்குள் புகுந்துகொண்டது. அது எந்தக் கடையில் கிடைக்கும்? கிடைக்காது என்றால் யார் தைத்தார்கள்? இந்த யோசனையில் அம்பத்தூரில் இறங்க மறந்து கொரட்டூரில் இறங்கித் திரும்பி வந்தேன். என் மனைவி வசந்தகுமாரி கதவைத் திறந்ததும், "ஒரு கதை கிடைச்சிருக்கு!" என்று கத்தினேன். "தயிர் எங்கே?" என்று கேட்டாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "கீழ்வானம் மெல்லச் சிவந்த அந்த இனிய காலைப்பொழுதில், நகரி மலையின் அடிவாரத்தில்..."

வேண்டாம். வானம் சிவந்து முடிவதற்குள் குழந்தை பள்ளிக்கூடம் போய்விடும்.

இரண்டாவது முயற்சி: "குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது. மனிதக் குட்டிக்கு அந்தப் பிடி கிடையாது. ஆகவே மனிதன் நிமிர்ந்து நின்ற நாள்முதல் குழந்தையை எங்கே வைப்பது என்னும் கேள்வியானது..."

இது கட்டுரை. அதுவும் 'கேள்வியானது' என்று எழுதுகிறவனை நானே படிக்க மாட்டேன்.

மூன்றாவது: "ஞானகுமாரிக்கு எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கட்டி அலுத்துவிட்டது."

வந்துவிட்டாள்! பேரோடு, கோபத்தோடு, கையில் சாதப் பொட்டலத்தோடு வந்துவிட்டாள்.

3

ஞானகுமாரி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். கணவன் அந்தோணிராஜ் பட்டாளத்துக்குச் சீருடையும் பையும் தைக்கும் தொழிற்சாலையில் தையல்காரன். அதே தொழிற்சாலையில் தைத்து வருவதையெல்லாம் இழுத்துப் பார்த்து, 'பாஸ்' என்று சாக்பீஸால் டிக் போடும் பரிசோதகர் லட்சுமணன். குவார்ட்டர்ஸில் மலை ஏறும் குழு ஒன்றை நடத்துகிறவரும் அவர்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு, கிடைக்கிற ரயிலைப் பிடித்து, கிடைக்கிற மலையில் ஏறி இறங்குவார்கள்.

கல்யாணமான புதிதில் ஞானகுமாரிதான் குழுவில் முதல் ஆளாக உச்சியில் நிற்பாள். அவளுக்கு அது உயிர். தெரசா பிறந்த பிறகு எல்லாம் நின்றது. குழு கிளம்பும், இவள் சாதம் கட்டிக் கொடுத்து வாசலில் நிற்பாள். தெரசாவுக்கு இப்போது இரண்டு வயது.

(அந்தோணிராஜ் குழுவில் இல்லை. அவனுக்கு உயரம் ஆகாது. டிவி ஆன்டெனாவைத் திருப்ப மொட்டை மாடிக்குப் போகச் சொன்னாலே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவான். இந்தத் தகவலை எங்கே சொருகுவது என்று தெரியாததால் இங்கே வைக்கிறேன்.)

தை மாதம் நகரி மலை என்று முடிவானது. உச்சிக்குக் கீழே ஒரு பாறை. மூக்கு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஏற வேண்டும். ஞானகுமாரி லட்சுமணன் வீட்டுக்கே போய் நின்றாள்.

"அண்ணாச்சி, நான் வாரேன். புள்ளையும் வருவா."

"இடுப்புல குழந்தைய வெச்சிக்கிட்டு அந்தப் பாறையில ஏற முடியாது சிஸ்டர். ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கணும். அதான் ரூல்."

"கை ரெண்டும் சும்மா இருக்குத மாதிரி ஒரு சாமான் கொண்டாந்தா?"

"கொண்டாங்க. நானே செக் பண்றேன். பாஸ் ஆச்சுன்னா நீங்க வரலாம்."

கதைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்! எழுதிவிட்டு அறைக்குள்ளேயே இரண்டு நடை நடந்தேன்.

4

இனி சாமான் தேடும் படலம்.

புடவைத் துண்டு. முதுகில் தூளி மாதிரி கட்டிப் பார்த்தாள். தெரசா சொர்க்கம் கண்டவள் போலத் தூங்கிப்போனாள். ஆனால் தூங்கின தலை ஒரு பக்கம் சாய, அதைத் தாங்க ஒரு கை பின்னால் போய்விட்டது. ஒரு கைதான் மிச்சம். தோல்வி.

அடுத்து, புருஷனோடு ஆவடி மார்க்கெட். சைக்கிள் கடை வேம்புலி, பாரில் மாட்டும் குழந்தை சீட் ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னா நைனா, கொயந்தைய தூக்கினு மலை ஏறப் போறீங்களா? இத்த எடுத்துகினு போ. ரெண்டு பெல்ட்டு வெச்சு அடிச்சுத் தரேன். இரும்பு! மலையே வுயுந்தாலும் இது ஒண்ணும் ஆவாது."

"வெயிட்டு கொயந்தையவிட ஜாஸ்தியா கீதே" என்றான் அந்தோணிராஜ்.

"அப்போ கொயந்தைய நடக்க வுட்டு சீட்டைத் தூக்கினு போ" என்று வேம்புலி சிரித்தார்.

பூந்தமல்லியில் பூக்கூடை. [கூடைக்கு ஒரு முழுப் பக்கம் எழுதினேன். மல்லிகை வாசனை எல்லாம் வந்தது. தெரசா பிரம்பைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள் என்பதைத் தவிர அதில் ஒன்றும் நடக்கவில்லை. எடுத்துவிட்டேன்.]

கடைசியில் அந்தோணிராஜே எழுந்தான். "இரு ஞானம். ஊரு முச்சூடும் ஏன் அலையணும்? ஊட்டுலயே மிஷின் கீது. நான் தைக்கிறேன்."

மார்க்கெட்டில் கித்தான் வாங்கினான். அகலப் பட்டை, பக்கிள், இரட்டைத் தையல். காலுக்கு ஓட்டை, ஓட்டைக்கு மெத்தென்று ஃபிளானல். தைக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்! சீருடைக்கு ஒரு நாளும் வராத சிரிப்பு அவன் மீசைக்குள் இருந்தது. அவர்கள் தொழிற்சாலையில் எந்தப் பையையும் எடை ஏற்றிப் பார்க்காமல் வெளியே விடுவதில்லை. அந்த வழக்கப்படியே தெரசாவின் எடைக்கு அரிசி மூட்டை கட்டிப் பைக்குள் இறக்கினார்கள். அந்தோணிராஜ் அதை முதுகில் மாட்டிக்கொண்டு குதித்தான், குனிந்தான், ஓடினான். லட்சுமணன் ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பார்த்தார். சாக்பீஸ் எடுத்தார். டிக். பாஸ்!

ஞாயிறு காலை, மலை, குழந்தை பையில் அமைதியாக உட்கார்ந்திருக்க, ஞானகுமாரி உச்சியை அடைந்தாள். முற்றும்.

5

முற்றவில்லை. பிரதியை வசந்தகுமாரியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

"ரெண்டு வயசுக் குழந்தை, ஆவடியிலேருந்து நகரி வரைக்கும் அமைதியா உக்காந்திருந்துதா?"

"ஏன், நல்ல குழந்தை."

"இது குழந்தை இல்லை. உங்க கதையில அரிசி மூட்டைதான் மலை ஏறியிருக்கு. சரி, அந்தப் பையை யார் முதுகுல மாட்டிப் பாத்தீங்க?"

"அந்தோணிராஜ் முதுகுல."

"சுமக்கப் போறது யாரு?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வெட்கத்தோடு ஒரு குதூகலமும் வந்தது. கதையில் எங்கோ ஓட்டை இருப்பது தெரியும், எங்கே என்று தெரியாமல் இருந்தது. சமையலறை வாசலில் நின்றுகொண்டு கண்டுபிடித்துவிட்டாள்!

6

ஆகவே திருத்தி எழுதியது. லட்சுமணன் டிக் போட்டுவிட்டுப் போன பிறகு, முதன்முதலாகத் தெரசாவைப் பைக்குள் வைத்து ஞானகுமாரியின் முதுகில் மாட்டினார்கள். முதலில் நடந்தது, தெரசா பைக்குள்ளேயே ஒன்றுக்குப் போனாள். அரிசி மூட்டை போகவில்லை.

துடைத்து, காயவைத்து, மறுபடி மாட்டினார்கள். இரண்டாவதாக நடந்ததுதான் பெரியது. பை அவள் முதுகில் உட்காரவே இல்லை. இடுப்புக்குக் கீழே இறங்கித் தொங்கியது. தோள்பட்டை வார் நழுவியது. தெரசா ஒரு ஆட்டு ஆட்டினாள், ஞானகுமாரி ரெண்டடி பின்னால் போனாள்.

அந்தோணிராஜ் தலையில் கை வைத்துக்கொண்டான். வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் அவன் வெட்டியதெல்லாம் சிப்பாய் அளவு. நெஞ்சு, தோள், முதுகு எல்லாமே ஜவானுக்கு. துணியைத் தொட்டால் கத்தரிக்கோல் தானாக அந்த அளவுக்குப் போய்விடும். எதிரே நிற்கிற பெண்டாட்டிக்குத் தைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே ஒரு சிப்பாய்க்குத் தைத்துவிட்டான்.

"பை நல்லாத்தானே இருக்கு" என்றார், செய்தி கேட்டுத் திரும்பி வந்த லட்சுமணன். "அந்தோணிக்கு கரெக்டா உக்காருது. அந்தோணி தூக்கட்டும். சிஸ்டரும் கூட வரட்டும். பாஸ் பண்ணது பண்ணதுதான்."

அந்தோணிராஜுக்கு வியர்த்தது. மனைவியின் முகத்தைப் பார்த்தான். "நான் தூக்கினு வரேன்" என்றான்.

இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. உயரத்துக்குப் பயந்தவன், மனைவிக்காக மகளைச் சுமந்து மலை ஏறுகிறான்! மூன்று பக்கம் ஒரே மூச்சில் எழுதினேன். காற்று, மேகம், அவன் நடுங்கும் முழங்கால், கடைசியில் உச்சி. பிரமாதம்.

பிறகு படித்துப் பார்த்தேன். அந்த மூன்று பக்கத்திலும் ஞானகுமாரி எங்கே இருக்கிறாள் என்று தேடினேன். கணவனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். கையில் எலுமிச்சம்பழச் சாதம்.

மூன்று பக்கத்தையும் கிழித்தேன்.

7

சனிக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்ததும். ஞானகுமாரி பையை மடியில் போட்டுக்கொண்டு தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"இன்னா பண்றே? பாஸ் ஆனது ஞானம்!"

"உங்களுக்குல்லா பாஸ் ஆச்சு."

அவன் டேப்பை எடுத்து வந்து அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தான். கழுத்திலிருந்து இடுப்பு வரை, ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை மெதுவாக அளந்தான்.

"இத்தினி வருஷத்துல எத்தினியோ பேருக்கு தைச்சுட்டேன். உன் முதுகை அளந்ததே இல்ல" என்றான்.

"இப்பமாவது அளந்தியள்ளா. ஒழுங்கா வெட்டுங்க" என்றாள் அவள்.

இதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதினால் கெட்டுவிடும் என்று பேனாவை மூடி வைத்தேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் நானே கடைக்குப் போய்த் தயிர் வாங்கி வந்தேன்.

8

ஞாயிறு. ஆவடி பிளாட்பாரம். லட்சுமணன் பையைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார். வார் குட்டையாகிவிட்டது, அளவு மாறிவிட்டது, டிக் போட்ட துண்டையே காணோம்.

"என்ன சிஸ்டர் இது? மாத்தித் தைச்சா மறுபடி டெஸ்ட் பண்ணணும். இப்ப அரிசி மூட்டைக்கு எங்க போறது?"

"நீங்க பாஸ் பண்ணது அரிசி மூட்டைய அண்ணாச்சி. நான் சுமக்கப் போறது எம் புள்ளைய. இந்தா இருக்கா, இழுத்துப் பாருங்க."

தெரசா பைக்குள்ளிருந்து லட்சுமணனின் தொப்பியை எட்டிப் பிடித்தாள். வார் அசையவில்லை. லட்சுமணன் என்ன சொல்லியிருப்பார்? 'சபாஷ்' என்று எழுதினேன். அடித்தேன். அவ்வளவு சீக்கிரம் மாறுகிற ஆள் இல்லை அவர். "வண்டி வருது, ஏறுங்க" என்று மட்டும் சொன்னார்.

அந்தோணிராஜும் ஏறினான். "அடிவாரம் வரிக்கும்தான்" என்று எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவைத்தான்.

9

நகரி மலை. பாதி வழியில் தெரசா, "நானு நடக்கே" என்றாள். அம்மா பேச்சு அப்படியே ஒட்டியிருந்தது. இதற்கு எந்தப் பையிலும் மருந்து கிடையாது. இறக்கி விட்டார்கள். நடந்தாள் என்றா சொல்வது? ஒரு கல்லை எடுத்தாள், பார்த்தாள், அப்பா சட்டைப் பையில் போட்டாள். அடுத்த கல். அதற்கடுத்த கல். குழு மேலே போய்விட்டது. "அடிவாரம் வரிக்கும்தான்" என்றவன் கல் வாங்கி வாங்கியே தான் எவ்வளவு தூரம் ஏறிவிட்டோம் என்பதைக் கவனிக்கவில்லை. திரும்பிக் கீழே பார்த்தான். பக்கத்திலிருந்த மரத்தைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினான்.

எதிரே பாறை.

மறுபடி பைக்குள் போக மாட்டேன் என்று தெரசா அழிச்சாட்டியம் செய்தாள். கல்லெல்லாம் கூட வரும் என்று ஞானகுமாரி சத்தியம் செய்த பிறகுதான் காலை நீட்டினாள். ஆக, எடை கூடிவிட்டது. எந்தச் சோதனையிலும் இல்லாத எடை.

ஞானகுமாரி புடவையைத் தூக்கிச் செருகினாள். வலது கையை மேலே வைத்தாள். இடது காலை ஒரு பிளவில் ஊன்றினாள். மேலேயிருந்து லட்சுமணன் குனிந்து கை நீட்டினார்.

"சிஸ்டர், கையக் குடுங்க!"

"கை ரெண்டும் வேலையா இருக்கு அண்ணாச்சி" என்றாள்.

கீழே அந்தோணிராஜ் அந்தக் குரல் கேட்டுக் கண்ணைத் திறந்தான். தெரசா பைக்குள்ளிருந்து திரும்பி அவனைப் பார்த்து, "அப்பா, வா!" என்றாள்.

10

இங்கே நிறுத்துகிறேன். பயந்துகொண்டு நிறுத்தவில்லை, உண்மையாகவே. என் நெஞ்சு இன்னும் படபடவென்று அடிக்கிறது. ஆனால் இந்தப் பெண்ணுக்கு லட்சுமணன் ஒரு முடிவு வைத்திருந்தார். அந்தோணிராஜ் ஒன்று வைத்திருந்தான். நான் இரண்டு வைத்திருந்தேன். எல்லோரும் அவளைக் கேட்காமல் வைத்தவை. அவளுக்கு இரண்டு கையையும் விடுவித்துக் கொடுத்தாயிற்று. இனி அவள் எதைப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கில்லை.

வசந்தகுமாரி கேட்டாள்: "அவ ஏறினாளா, இல்லையா?"

உங்களுக்கும் அதே கேள்வி இருக்கும். எழுதிக்கொள்ளுங்கள். பாறையைச் சின்னதாக்க வேண்டுமானால் ஆக்குங்கள். மழை வரவழைக்கலாம். அந்தோணிராஜை மரத்திலிருந்து பிரித்து மேலே அனுப்பலாம். எல்லாம் உங்கள் இஷ்டம்.

ஒன்றே ஒன்று. அவளைப் பாதியில் இறக்கி வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால், அந்தச் செய்தியை நீங்களே போய் அவளிடம் சொல்லுங்கள். எனக்கு அந்தத் துணிச்சல் கிடையாது.