இறங்குபாறை

“தண்ணி ஒண்ணும் அவ்வளவு மோசமா...”

“நீ மேல் தண்ணியப் பாக்குற. அடியில இழுக்கறது...”

“எதையாவது இழுக்கட்டும்! நான் இன்னிக்கு பாஸ்கோ போயாகணும்யா!”

“போயேன். நீந்திப் போ.”

பிலிப்பைன்ஸின் வடகோடியில், இத்பாயத் தீவில், கடலுக்கு மேலே செங்குத்துப் பாறை விளிம்பில் நின்றுகொண்டு புருஷனும் பெண்டாட்டியும் கத்திக்கொண்டிருந்தார்கள். ப்ரிமித்திவா ஊர்த்தலைவி, செவேரோ படகோட்டி. கரையில் அவள் வைத்ததுதான் சட்டம். தண்ணீர் என்று வந்துவிட்டால் கவர்னரே ஆனாலும் அவன் சொன்னபடிதான்.

கீழே, படகேற இறங்கி நிற்கும் இறங்குபாறையை அலை வந்து மூடியது, வழித்துக்கொண்டு போனது, திரும்ப மூடியது. அந்தப் பாறைக்குப் படிக்கட்டும் அலைத்தடுப்பும் வேண்டும் என்று, தலைநகர் பாஸ்கோவில் கூடும் மாகாண சபையில் இன்றைக்குப் பேசியாக வேண்டும். அதற்காகவே நல்ல பாவாடையை உடுத்தி, வெயிலுக்கும் மழைக்குமான ஓலைக்கூட்டைத் தலைக்கு மாட்டி விடியலிலேயே வந்து நின்றாள்.

“பயந்தாங்கொள்ளி.”

“ஆமா. பொண்டாட்டி ஒருத்திதானே இருக்கா.”

அவளுக்குச் சிரிப்பு முட்டியது, முறைத்துக்கொண்டாள். அதற்குள் கைபேசி அடித்தது. ஊரிலேயே இந்த விளிம்பில் மட்டும்தான் அது பேசும்.

“தலைவியம்மா, சபை கூடியாச்சு,” என்றார் சபைத்தலைவர். “நேர்ல வராத ஊரோட மனுவைத் தள்ளி வைக்கறதுதான் விதி. ஏன் வரல?”

செவேரோ எட்டிக் கைபேசியைப் பிடுங்கினான். “நான்தான்யா நிறுத்தினேன். அவமேல தப்பில்ல. கடல் விடல.”

“அப்படி என்ன கடல்? வரைபடத்துல அங்க இறங்குதுறைன்னே போட்டிருக்கே?”

செவேரோ கீழே பாறையைப் பார்த்தான். ஆண்டுக்கணக்கில் நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் அந்தப் பாறையிலிருந்து ஆட்டுக்குட்டியைப் போலக் கைமாற்றி ஏந்தியவன். அதை எப்படிச் சொல்வது என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. ப்ரிமித்திவா அவன் உப்பேறிய கையைப் பார்த்தாள். காலையிலிருந்து மூண்டிருந்த கோபம் சட்டென்று தணிந்தது. ஊர்ப்பேச்சைப் பேசத்தான் பாஸ்கோ போக நினைத்தாள். போக முடியாததே அந்தப் பேச்சு அல்லவா! கைபேசியை வாங்கிக்கொண்டாள்.

“ஐயா, நான் ஏன் வரலன்னு கேட்டீங்கள்ல? அதுதான் எங்க மனு. வேற எதுவும் பேச வேண்டியதில்ல.”

மறுமுனையில் யாரோ சிரித்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. “சரிம்மா,” என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி. “மனுவைத் தள்ளல. கடல் அடங்கினதும் நாங்களே வந்து இடத்தைப் பாக்கறோம்.”

“வாங்க, வாங்க. கிழங்கும் கருவாடும் சுட்டு வைக்கறேன். படகு எம்புருஷனோடது. அலை தூக்கறப்ப ‘குதி’ன்னு ஒரே ஒரு தடவைதான் சொல்வாரு. யோசிக்காம குதிப்பீங்களா, ஐயா?”