நாற்பத்திரண்டாவது கை

1

அன்று அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கூட்டிக் குறைத்துப் பேச வேண்டாம். நான். என் மனைவி. என் தம்பி, அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தருகே முப்பது வருடம் நின்றவன். அவன் மனைவி. எங்களை அழைத்துப்போன வழிகாட்டிப் பெண். குகை வாசலில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த காவலர். அலுவலக அறையில் பொறுப்பாளர் அம்மாள். மொத்தம் ஏழு பேர். எட்டாவதாக ஒருவர் வந்து நானும் பார்த்தேன் என்றால் நம்பாதீர்கள்.

இது கதையாகத் தொடங்கவில்லை. ஓய்வுபெற்றோர் சங்க மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று கேட்டார்கள். ஒரு நாட்டைப் பத்து நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தவனிடம் கேட்பது நியாயம்தான். பறவைகள் வந்திறங்கும் ஏரி, இடிந்த கோட்டை, அருங்காட்சியகம், அருவி எல்லாம் ஐந்து பக்கத்தில் சரளமாக வந்துவிட்டன. ஆறாம் பக்கம் குகை. அங்கே பேனா நின்றது. கட்டுரையில் எங்கள் குடும்ப விஷயத்துக்கு இடமில்லை. குடும்பத்தை விட்டுவிட்டால் குகையைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அதனால் கதை.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

இயற்கை அன்னை தன் மடியில் ஒளித்துவைத்த— (என் மனைவி படித்துவிட்டு, "இயற்கை அன்னையை விட்டுடுங்க, பாவம்" என்றாள். விட்டுவிட்டேன்.)

ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதன் செம்மண் குழம்பில் கையைத் தோய்த்து— (ஆணா, பெண்ணா? வழிகாட்டிப் பெண்ணே அதைச் சொல்லத் தயங்கினாள். எனக்கென்ன தெரியும்?)

என் தம்பிக்கு வலது கையில் மோதிர விரல் பாதிதான்.*

இதுதான் சரியான தொடக்கம். பிறர் முன்னால் இதைச் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை என்பதால் மூன்றாவதாக வைத்திருக்கிறேன்.

(* இயந்திரம் எடுத்த விரல். 'கவனக்குறைவு' என்று அச்சகத்துக் குறிப்பேட்டில் எழுதினார்கள். அது பொய். கத்தியின் காப்புத் தகடு கழன்று ஒரு வாரம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து எந்தப் புகைப்படத்திலும் அவனுடைய வலது கை கால்சட்டைப் பைக்குள் இருக்கும்.)

3

குகை பெரிதல்ல. இரண்டு பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தலாம். சுவர் முழுதும் கைகள். செம்மண் தோய்த்து அழுத்தியவை, மேலும் கீழுமாக, பெரிதும் சிறிதுமாக. ஏரியிலும் அருவியிலும் எனக்கு வராத ஒன்று அங்கே வந்தது: சற்று நேரம் பேசாமல் இருக்கலாமே என்ற எண்ணம்.

தம்பிக்கு வரவில்லை. "அண்ணா, இவங்கல்லாம் என்ன சொல்றாங்க?"

"'உள்ளேன் ஐயா'ன்னு சொல்றாங்க" என்றாள் அவன் மனைவி.

நாங்கள் வெளியே வந்ததும் காவலர் தட்டச்சுத் தாள் ஒன்றோடு உள்ளே போனார். ஒவ்வொரு குழு வெளியேறியதும் கைகளை எண்ணிப் பார்ப்பது அவர் வேலை; அவருக்கு அது முதல் நாள், தாளும் புதிது, நாங்கள்தான் முதல் குழு. தாளில் நாற்பத்தொன்று. அவர் எண்ணியது நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினார். கீழ் மூலையில், முழங்கால் உயரத்தில், ஒரு வலது கை. மோதிர விரல் பாதி.

திரும்பி வந்து எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சார், உங்க வலது கையைக் காட்டுங்க."

தம்பி காட்டினான். உள்ளங்கை முழுதும் சிவப்பு.

"படிக் கம்பியோட துரு. நான் சுவத்தைத் தொடவே இல்லைங்க."

"அப்ப விரல்?"

"விரல் இருபது வருஷமா இப்படித்தான் இருக்கு."

"அதான் சார். சுவத்துலயும் அப்படித்தான் இருக்கு."

4

(முதல் வரைவில் இந்த இடத்தில் அண்ணன் ஒரு பேச்சுப் பேசுகிறார். 'எங்கள் குடும்பத்தில் பிறர் பொருளைத் தொட்டவர் எவரும் கிடையாது' என்று தொடங்கி அரைப் பக்கம். அப்படி யாரும் பேசவில்லை. அடித்துவிட்டேன். அந்த அண்ணன்மேல் எனக்கே நம்பிக்கையில்லை.)

நடந்தது இதுதான். உள்ளே நான் தம்பிக்கு இரண்டடி பின்னால் இருந்தேன். அந்த மூலையருகே அவன் கால் வழுக்கித் தடுமாறினான். கை எங்கே போனது என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததை ஒருவன் எப்படி நிரப்பிக்கொள்கிறான் என்பதுதான்— இந்த வாக்கியம் வேண்டாம்.

பொறுப்பாளர் அம்மாள் மரியாதையாகவே பேசினார். "பழைய பதிவேடு ஒண்ணு இருக்கணும், தேடிப் பாக்கறேன். கிடைக்கலைன்னா புகார் மேல போகும். பேர் பேப்பர்ல வரும். அதுக்குள்ள மன்னிப்புக் கடிதம் குடுத்துட்டீங்கன்னா இங்கேயே முடிஞ்சுடும்." சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் பீரோவைத் திறக்கப் போனார்.

பேர் என்றால் எங்கள் அப்பாவின் பேரும் சேர்த்துத்தான்.

வெளியே குழாயடியில் தம்பி கை கழுவிக்கொண்டிருந்தான். "ரொம்பத் தேய்க்காதீங்க" என்றாள் அவன் மனைவி. "அப்புறம் ஆதாரத்தை அழிச்சிட்டீங்கன்னு அதுக்குத் தனியா ஒரு கடிதம் கேப்பாங்க." என் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு துண்டை நீட்டினாள்.

உள்ளே மேசைமேல் கடிதம் எழுதப்பட்டது.

(முப்பத்து நான்கு வருடம் அலுவலகக் கடிதம் வரைந்தவன் நான். 'வருந்தப்படுகிறது' என்று எழுதினால் வருந்தியவர் யார் என்று எந்த மேலதிகாரியும் கேட்டதில்லை.)

5

பதிவேடு மூன்றாவது பீரோவில் கிடைத்தது. மை மங்கிய கையெழுத்தில் 'கைகள்: 42'. அதைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர் யாரோ ஒன்றை விழுங்கிவிட்டார். பக்கத்தில் ஒட்டியிருந்த படம், என் தம்பிக்குப் பத்து விரலும் முழுதாக இருந்த காலத்தது. கீழ் மூலையில் அதே கை. அதே பாதி விரல்.

பொறுப்பாளர் அம்மாள் தம்பியின் கையை வாங்கிப் படத்திலிருந்த அளவுகோலோடு ஒப்பிட்டார். சுவரில் இருப்பது இரண்டு விரற்கடை சிறியது.

"சுத்தமா வேற ஆள்" என்றார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். ஆறாயிரம் வருடத்து ஆள் ஒருவர் வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போனதுபோல் இருந்தது.

"மன்னிச்சுக்குங்க சார். தாளை நம்பிட்டேன்" என்றார் காவலர்.

"நானும் காலமெல்லாம் தாளோட இருந்தவன்தான். விடுங்க" என்றான் தம்பி.

"அந்த ஆளும் அச்சகத்துலதான் இருந்திருப்பாரு போல" என்றாள் அவன் மனைவி. இந்த முறை எல்லோரும் சிரித்தோம். காவலரும்.

பெரிய விளக்கோடு எங்களை மறுபடி உள்ளே அழைத்துப்போனார்கள். தம்பி அந்த மூலையில் மண்டியிட்டான். வலது கையை விரித்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, அந்தக் கைக்கு நேராகப் பிடித்தான். அத்தனை பேர் முன்னால் அவன் அந்தக் கையை விரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"நம்ம ஆளு" என்றான்.

6

முடிவு (அ): நால்வரும் குகை வாசலில் கையை உயர்த்திப் படம் எடுத்துக்கொள்கிறோம். படம் உண்மையிலேயே இருக்கிறது, மலரில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது முடிவல்ல.

முடிவு (ஆ): நாங்கள் கிளம்பும்போது பொறுப்பாளர் அம்மாள் மடித்துத் திருப்பித் தந்த கடிதத்தை அண்ணன் தம்பியிடம் காட்டுகிறார். தம்பி சிரிக்கிறான். (சிரிப்பானா? தெரியாது. அவன் வாயில் நான் சொல் வைத்தது ஒருமுறை போதும்.)

மலர் வந்ததும் அவனும் இதைப் படிப்பான். படித்துவிட்டு என்ன சொல்வான் என்பதை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். என்னால் ஆனது ஒன்றுதான் பாக்கி.

மேசைமேல் கடிதம் கிடந்ததை வழிகாட்டிப் பெண் பார்த்திருக்கிறாள். வண்டியில் எங்கள் வீட்டுப் பெண்களில் யாரிடமோ சொல்லியிருக்கிறாள். தம்பி மன்னிப்பு எழுதிக் கொடுத்தானாம், ஏதோ இருக்கப்போய்த்தானே எழுதினான் என்று உறவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. என் தம்பி ஒரு வரியும் எழுதவில்லை. அவனைக் கேட்காமல், அவன் பெயரைப் போட்டு, எழுதியவன் நான்.