பின்கட்டுச் சுவர்

“சுரங்கந்தான். நான் சொல்றேன்ல, சுரங்க—”

“சுரங்கமும் இல்ல, சுண்டைக்காயும் இல்ல. நட, போலாம்.”

“நல்லாப் பாருடி. ஆள் உயரத்துக்கு அடைச்சிருக்கு. சுத்திவர பழைய சப்பட்டைச் செங்கல்லு, இங்க மட்டும் வேற கல்லு. அப்ப இது ஒரு வாசலா—”

“வாசல்னா நிலை எங்க? படி எங்க?”

“நிலை இல்லாத வாசல்னா என்ன அர்த்தம்? வெளியில தெரியக் கூடாத வழி. இங்கேருந்து அரண்மனை கூப்பிடு தூரம்.”

“எல்லாச் சந்துலயும் ஒரு சுரங்கம் வச்சிருக்க நீ. அத்தனையும் நெசமா இருந்தா தஞ்சாவூரு எப்பவோ உள்ள எறங்கியிருக்கும்.”

குந்தவைக்கும் ராஜாத்திக்கும் நடுவில் நான் நின்றேன். வேறு எங்கும் நிற்க இடமில்லை. மேல வீதியிலிருந்து பிரிந்து, வீடுகளின் முதுகுப் பக்கமாகவே போகும் சந்து அது. கைகளை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். காலடியில் சாக்கடையை மூடிய கல், தலைக்கு மேல் கேபிள் ஒயர்கள். அடைத்த இடம் மட்டும் சந்துப் பக்கம் கொஞ்சம் பிதுங்கி, வயிறு தள்ளி நின்றது.

நாங்கள் மூவரும் ஒரே தெருக்காரர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் ஊரைச் சுற்றுவது பழக்கமாகிவிட்டது. அகழி ஓரம், சர்ஜா மாடி, இடிந்த சத்திரம், பெயர்ப்பலகை இல்லாத சந்துகள். குந்தவை சரித்திர டீச்சராக இருந்தவள். முன்னால் நடந்து கதை சொல்வாள். ராஜாத்தி நர்ஸாக இருந்தவள். பின்னால் வந்து கேலி செய்வாள். காபிக் கடையில் எல்லாம் சமாதானமாகிவிடும்.

அன்றைய சண்டையில் கேலிக்கு அடியில் வேறு ஏதோ இருந்தது. சந்து முனைக்கு வந்ததுமே ராஜாத்தி முழங்கால் வலி என்று நின்றுவிட்டாள்; குந்தவை கையைப் பிடித்து இழுத்துத்தான் உள்ளே கூட்டி வந்தாள். கோயில் படிகளை எங்களுக்கு முன்னால் ஏறுகிறவள் அவள்.

குந்தவைக்கு அதைக் கவனிக்க நேரமில்லை. அவளுடைய வாட்ஸப் குழுவைப் பார்த்துத் திருச்சியிலிருந்து ஒரு கூட்டம் வருவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்டத்தான் இந்தச் சுவர். அந்தச் சுவருள்ள வீட்டை வாங்கித் தங்கும் விடுதியாக மாற்றிக்கொண்டிருந்த தமிழரசன், சுவரை உடைத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் சம்மதித்திருந்தார்.

“உடைக்க வேணாம்னு சொல்லு அவர்கிட்ட,” என்றாள் ராஜாத்தி.

“ஏன்?”

“வேணாம்னா வேணாம்.”

“காரணம் சொன்னாத்தானே நான் போய்ச் சொல்ல முடியும்?”

“உனக்கு எல்லாத்துக்கும் கல்வெட்டு வேணும். வாய்ல சொன்னா ஏறாது.”

சந்து முனையிலிருந்து தமிழரசன் கூப்பிட்டார். “டீச்சர், முன்பக்கமா வாங்க. தெறந்துட்டேன்.”

அவர் ஒரத்தநாட்டுக்காரர். சிங்கப்பூரில் பல வருடம் சம்பாதித்ததை இந்த வீட்டில் போட்டிருந்தார். தேக்குக் கதவு பாலிஷ் போட்டுப் பளபளத்தது. குந்தவை உள்ளே போய்விட்டாள். நானும் ஒரு காலை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ராஜாத்தி தெருவிலேயே நின்றாள்.

“வாங்கம்மா, ஏன் வெளியிலயே நின்னுட்டீங்க?”

“இப்படிப் போலாமா தம்பி?”

“இதென்னம்மா கேள்வி? வாசல் இதுதானே.”

“எங்களுக்கு இது இல்ல. பக்கத்துல ஒரு நடை இருக்கும், அது வழியாத்தான். நாங்க பின்கட்டுல குடியிருந்தோம்.”

குந்தவை முற்றத்திலிருந்து திரும்பி வந்தாள். “இந்த வீட்லயா? இத்தனை வருஷமா இந்தத் தெருவச் சுத்துறோம், ஒரு வார்த்தை சொல்லல நீ.”

“நீ ராஜா வீட்டுக் கதை சொல்லிட்டிருந்த. நடுவுல எங்க வீட்டுக் கதைய எங்க வைக்கிறது?”

ஆனாலும் வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, சிமெண்டுத் தூசியில் வெறுங்காலோடு நடந்தாள். முற்றத்தைத் தாண்டி, குவித்திருந்த டைல்ஸ் பெட்டிகளைத் தாண்டி, கடைசி அறைக்கு யாரும் காட்டாமலே போனாள்.

அறையில் ஜன்னல் கிடையாது. தமிழரசன் செல்போன் விளக்கைப் பிடித்தார். மேல்பூச்சைக் கொத்தி எடுத்திருந்ததால் அடைப்பு உள்பக்கம் முழுவதும் தெரிந்தது. செங்கல்லுக்கு மேல் மண் பூசி, அந்த மண்ணில் மேலிருந்து கீழாக அரைவட்டம் அரைவட்டமாகத் தடங்கள்.

“இதத்தான் சொன்னேன்,” என்றாள் குந்தவை. “அலை அலையாப் போட்டிருக்காங்க பாருங்க. கையாலயே போட்ட வேலைப்பாடு. மராட்டா காலத்துல இந்த மாதிரி—”

ராஜாத்தி அருகில் போய், ஒரு தடத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். தடம் அவள் கையைவிடப் பெரியதாக இருந்தது.

“எங்கப்பா,” என்றாள்.

தமிழரசன் விளக்கை அவள் கைக்கு நேரே பிடித்தார்.

“கீழ்வேளூர்ப் பக்கம் விவசாயம் எங்களுக்கு. அக்கா வைத்தியத்துக்காகத்தான் இங்க வந்து குடியிருந்தோம். அப்பாவுக்குக் கொத்து வேலை தெரியாது. வரப்பு பூசத் தெரியும். சேத்த அள்ளி அடிச்சு, கையால இழுத்து வழிச்சு விடுவாங்கல்ல, அதே மாதிரி பூசிட்டாரு.”

“ஏம்மா, கொத்தனார் கெடைக்கலயா?” என்றார் தமிழரசன்.

“கூப்பிட்டுப் பாத்தாரு. சதயத்துல செத்த வீட்டுக்கு எவன் வருவான்?”

குந்தவை அங்கிருந்த சிமெண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான். சதயம், அவிட்டம் என்று சில நட்சத்திரங்களில் உயிர் போனால் அதை அடைப்பு என்பார்கள். உடலை வாசல் வழியே கொண்டுபோக மாட்டார்கள். சுவரை இடித்து அந்த வழியாக வெளியே எடுத்து, உடனே கல் வைத்து மூடிவிட்டு, அறையை ஆறு மாதம் பூட்டிவிடுவார்கள். போன உயிர் போன வழியையே தேடிக்கொண்டு வருமாம். வரும்போது அந்த வழி இருக்கக் கூடாதாம். இப்போது கூரை ஓடு ஒன்றைப் பெயர்த்து வைத்துச் சம்பிரதாயத்தை முடித்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் நிஜமாகவே இடித்தார்கள்.

“அக்கா பேரு என்ன?” என்று கேட்டேன்.

“கமலாம்பாள். மஞ்சக்காமாலை. அவளுக்குப் பதினேழோ பதினெட்டோ. நான் பாவாடையக் கையில பிடிச்சிட்டு இந்த மூலையில நின்னேன்.”

“ராஜாத்தி,” என்றாள் குந்தவை. “வருஷா வருஷம் உன்ன சதய விழாவுக்கு இழுத்துட்டுப் போனேனே.”

“போனோம். ராஜராஜன் பொறந்த நட்சத்திரம்னு மூச்சு விடாம சொல்லுவ. யானை வரும். நல்லாத்தான் இருக்கும்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“என்னன்னு? உங்க ராஜா வந்த நாள்ல எங்கக்கா போனான்னா?”

அவள் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டேதான் மீதியைச் சொன்னாள்.

“அன்னிக்கு மழை. அப்பா கீழேருந்து வச்சிட்டே வந்தாரு. மேல ஒரு கல்லு பாக்கி. அம்மா அதுவரைக்கும் அழுதாங்களே தவிர ஒண்ணும் பேசல. அப்பத்தான் கேட்டாங்க. ‘அந்த ஒண்ண மட்டும் விட்டுடுங்களேன்.’ அப்பா, ‘எதுக்கு?’ன்னாரு. ‘எட்டிப் பாக்கவாவது இருக்கட்டும்.’ வீட்டுக்காரம்மா தள்ளி நின்னு பாத்துட்டிருந்தாங்க. ‘அதெல்லாம் கூடாது, சீக்கிரம் முடிங்க’ன்னாங்க. அப்பா அவங்களப் பாத்தாரு. அம்மாவப் பாத்தாரு. வச்சிட்டாரு.”

“அம்மா ஒண்ணும் சொல்லலயா?” என்றாள் குந்தவை.

“அன்னிக்கே ஊருக்குப் பஸ் ஏறிட்டோம். அதுக்கப்புறம் அப்பாகிட்ட அவங்க எதையுமே கேட்டதில்ல. வீட்ல உப்பு இல்லைன்னாக்கூட என்னைக் கூப்பிட்டு, ‘உங்கப்பாட்ட சொல்லு’ம்பாங்க. அவரும் வாங்கிட்டு வந்து என்கிட்டத்தான் குடுப்பாரு. கடைசி வரைக்கும் அப்படியே ஓடிப்போச்சு.”

தமிழரசன் விளக்கைக் கீழே இறக்கினார். தயங்கித் தயங்கிப் பேசினார்.

“அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. இது வெளியில போக வேணாம். சுரங்கம்னா நாலு பேரு வந்து தங்குவாங்க. சாவு எடுத்த சுவருன்னா…”

“நான் ஏன் சொல்லப் போறேன்? இவ்வளவு நாள் சொல்லலயே.”

குந்தவை எழுந்தாள். “தமிழரசன், சுவத்த விட்டுடுங்க. நான் யாரையும் கூட்டிட்டு வரல. சுரங்கம்னு சொன்னது நான்தான், தப்புன்னும் நானே போட்டுடறேன்.”

“டீச்சர், நீங்க கூட்டிட்டு வந்தாலும் வராட்டியும் இதை இடிச்சுத்தான் ஆகணும்.”

“நான் சொல்லித்தானே உடைக்கிறீங்க?”

“நீங்க சொன்னதால மொதல்ல உடைக்கலாம்னு பாத்தேன். ஆனா வெறும் மண்ணுல வச்ச கல்லு இது. பழைய சுவத்தோட பிடிப்பே இல்ல. சந்துப் பக்கம் பிதுங்கி நிக்குதே, பாத்தீங்கல்ல? அந்த வழியாப் பிள்ளைங்க சைக்கிள்ல போவுது. யார் மேலயாவது சரிஞ்சா நான் என்ன பதில் சொல்றது? நாளைக்குக் காலையில ரெத்தினம் மேஸ்திரி ஆளோட வராரு.”

“ஒரு வாரம் தள்ளிப் போடுங்களேன்.”

“ஒரு வாரத்துல சுவரு நிமிந்துடுமா டீச்சர்?”

குந்தவை மேலும் ஏதோ சொல்ல வந்தாள். ராஜாத்தி தடுத்தாள்.

“விடு. அவரு சொல்றது சரிதான். சந்துல நின்னப்பவே பாத்தேன். அப்பா கட்டினது இவ்வளவு நாள் நின்னதே பெருசு.”

“அப்புறம் ஏன் உடைக்காத, உடைக்காதன்னு என்கிட்ட அந்தச் சண்டை போட்ட?”

ராஜாத்தி மண்ணிலிருந்த அரைவட்டத்தை விரலால் தடவினாள்.

“ஆஸ்பத்திரியில எத்தனை பேரு கண்ண மூடி விட்டிருப்ப நீ,” என்றாள் குந்தவை, இப்போது மெதுவாக. “வழி தேடிட்டு வருவாங்கங்கறதெல்லாம் நீயுமா நம்புற?”

“நம்பல. ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல.”

சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள். உள்ளங்கையில் மண் ஒட்டியிருந்தது. புடவையில் துடைக்கப் போனவள், துடைக்காமல் அப்படியே மூடிக்கொண்டாள்.

“நாளைக்கு எப்ப ஆரம்பிக்கிறாங்க தம்பி?”

“டீ குடிச்சதும் ஆரம்பிச்சுடுவாங்கம்மா. ஏன்?”

“நானும் வந்துடறேன். இங்கயே உள்பக்கமா ஒரு ஓரத்துல நின்னுக்கறேன்.”

“எதுக்கும்மா? ஒரே தூசியா இருக்கும். கல்லு கில்லு விழும்.”

“இருக்கட்டும். வழி தெறந்ததும் அவ வந்து நின்னா, தெரிஞ்ச மொகம் ஒண்ணாவது இருக்க வேணாமா?”